பதிலாள் வரும்வரை

ஏப்ரல் 3, வியாழன்

காலையில் நல்ல வெயில். பத்து மணிக்கெல்லாம் மூட்டம் இறங்கிவிட்டது. மத்தியானம் இடி மட்டும், மழை இல்லை. உடுப்புக் காயவில்லை.

தேர்ச்சி அறிக்கை: ஆண்டு 1, 2 எழுதியாயிற்று. 3, 4, 5 குமார் சேர் கையில். நாளைக்குத் தருகிறேன் என்றார். திங்கட்கிழமையும் இதையேதான் சொன்னார்.

தவணை முடிய இன்னும் ஒரு வாரம். செய்ய வேண்டியவை:
– சிறுவர் சந்தைக்கு மேசை. (கைக்குழந்தைகளை விடும் பிள்ளைக் காம்பராவில் இரண்டு கிடக்கிறது. அங்குள்ள ஆயாவைக் கேட்க.)
– சத்துணவுப் பாத்திரங்களைக் கழுவி உள்ளே வைக்க.
– தண்ணீர் டாங்கிக்கு மூடி.
– குளவி.

குளவிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. மைதான ஓரத்துக் கருப்பன்தைல மரத்தில் ஜனவரியில் கூடு ஒரு தேங்காய் அளவு இருந்தது. இப்போது அரிசிப் பானை அளவு. இன்று தேயிலைத் தோட்டத்து வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயாவைப் பாதையில் நிறுத்திக் கேட்டேன். மரம் தோட்டத்துடையதுதான், ஆனால் அதில் கைவைக்க மேலே கேட்க வேண்டும் என்றார். வலயக் கல்விப் பணிமனையில் கேட்டால், மரம் தோட்டத்துடையது, அவர்களையே கேளுங்கள் என்கிறார்கள். இருவரும் மரியாதையாகத்தான் சொல்கிறார்கள்.

பிள்ளைகள் அந்த மரத்தடியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார்கள். நான் கற்பித்ததில் எல்லா வகுப்புக்கும் ஒழுங்காக ஏறிய ஒரே பாடம் அதுதான்.

இரண்டு பேர் படிப்பிக்கும் பள்ளிக்கூடம். அதிபர் பொறுப்பும் என் தலையில். குமார் சேர் என்னைவிட மூத்தவர், உடப்புசல்லாவை ஊர்க்காரர், வீட்டிலிருந்தே வந்து போகிறார். பொறுப்பை எடுங்கள் என்றால் நெஞ்சைத் தடவிக்கொள்கிறார். ஆஸ்துமா. பொய்யில்லை, ஆனால் பொறுப்பென்ற பேச்சு வரும்போதுதான் அதிகமாகிறது.

வீட்டிலிருக்கும் மகள் டிலுவுக்குப் போன் எடுத்தேன். கார்ட்டூன் போகிறதாம், பேசமாட்டாளாம். என் வீட்டுக்காரருடைய அக்கா போனை அவள் காதில் வைத்தார். மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.


ஏப்ரல் 7, திங்கள்

வெயில். காற்று.

சனி, ஞாயிறு வீட்டுக்குப் போகவில்லை. டிக்கோயாவுக்கு மூன்று பஸ் மாறிப் போய், ஒரு ராத்திரி படுத்து, மறுபடி மூன்று பஸ். குவாட்டர்ஸிலேயே இருந்து அறிக்கை எழுதினேன். குமார் சேருடையதையும் நானே.

பதினொரு மணிக்கு வலயத்திலிருந்து போன். பதிலாள் கிடைத்துவிட்டதாம்.

இரண்டாம் தரம் கேட்டேன். ஆமாம் மிஸ், புது நியமனம், நோட்டன் பிரிட்ஜ் பிள்ளை, பெயர் பவித்ரா, புதன்கிழமை வந்து கடமையை ஏற்பார் என்றார்கள். அவர் கையெழுத்துப் போட்டால் அடுத்த தவணை நான் டிக்கோயாப் பள்ளியில். வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். இடமாற்றம் ஜனவரியிலேயே வந்தது. பதிலாள் இல்லாமல் விடமாட்டோம் என்று அன்றிலிருந்து இழுத்தடித்துக்கொண்டிருந்தார்கள்.

போனை வைத்துவிட்டு ஆண்டு 2-க்குப் பெருக்கல் எழுதப் போனேன். பலகையில் என்ன எழுதினேன் என்று பிள்ளைகள்தான் சொன்னார்கள். பிழை.

குமார் சேரிடம் சொன்னேன். "அப்ப அந்தப் புதுப் புள்ளைக்கா அதிபர் பொறுப்பு?" என்று கேட்டார்.

பெற்றோரிடம் இன்னும் சொல்லவில்லை. சந்தை முடியட்டும்.


ஏப்ரல் 8, செவ்வாய்

மூட்டை கட்டினேன். சேலை, இரண்டு கம்பளி, அடுப்பு, டிலு கீறிய படங்கள். ஐந்து வருடத்துக்கு இவ்வளவுதான் சேர்ந்திருக்கிறது. ரைஸ் குக்கரைப் பவித்ராவுக்கு விட்டுவிடலாம்.

பின்னேரம் ராணி வந்தாள். ஆண்டு 2 தனுஷிகாவின் தாய், மேல் மலையில் கொழுந்து எடுக்கிறாள். மகள் நாளைச் சந்தையில் விற்கும் கரட்டைக் கழுவிக் கட்டாகக் கட்டிக் கொண்டுவந்திருந்தாள். நாளைக்கு அவளுக்கு வேலை, வர முடியாதாம். சந்தையை ஏன் மைதானத்தில் வைக்கவில்லை, போன வருடம் எவ்வளவு அழகாக இருந்தது என்றாள். மரத்தைக் காட்டினேன். அண்ணாந்து பார்த்துவிட்டு, மலையில் இதைவிடப் பெரிய கூட்டுக்குக் கீழேயெல்லாம் கொழுந்து எடுக்கிறோம் டீச்சர் என்றாள்.

மண்டபத்துக்குள்தான் என்று சொல்லிவிட்டேன். மண்டபமென்றால் என்ன, இடுப்பளவுச் சுவரும் தகரமும். இருந்தாலும் மரத்திலிருந்து எட்ட இருக்கிறது.

ராணி போகும்போது, அடுத்த தவணை தனுஷிகாவைப் பாட்டுக் குழுவில் சேர்க்கச் சொன்னாள். சரி என்றேன்.

டிலு இன்று பேசினாள். அம்மா வரும்போது பெரிய பலூன் வேண்டுமாம். இனி எல்லா நாளும் வருவேன் என்றேன். "எல்லா நாளும் பலூனா?" என்றாள்.


ஏப்ரல் 10, வியாழன். நுவரெலியா ஆஸ்பத்திரி

பேனா பிடிக்க முடிகிறது, மூன்று விரலால். வலது கண் இன்னும் திறக்கவில்லை. நர்ஸ் தூங்கச் சொன்னார். வரவில்லை. நேற்று நடந்ததை எழுதிப் பார்க்கிறேன்.

பவித்ரா எட்டரைக்கே வந்துவிட்டாள். அவளுடைய அப்பா மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனார். மெலிந்த பிள்ளை, சிரித்த முகம். டீச்சர் என்று ஆரம்பித்தவள், டீ குடித்து முடிப்பதற்குள் அக்கா என்றாள். கையெழுத்தெல்லாம் சந்தை முடிந்ததும் ஆறுதலாகப் போடலாம் என்றேன். அப்போதே போட வைத்திருக்கலாம்.

சந்தை நன்றாகத்தான் தொடங்கியது. கரட், லீக்ஸ், பீட்ரூட், நோக்கோல், ஒருத்தன் கொண்டுவந்த உயிர்க் கோழி. குமார் சேர் வீட்டிலிருந்து பை எடுத்துவந்து, விலையைக் குறைக்கச் சொல்லி ஒவ்வொரு பிள்ளையிடமும் வம்பு பண்ணினார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. பவித்ரா ஆண்டு 1 பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் தூணில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நிம்மதி.

பெரிய காற்று ஒன்று அடித்தது. கழுகு ஒன்று மரத்தைச் சுற்றியதாகப் பிறகு பிள்ளைகள் சொன்னார்கள். நான் பார்க்கவில்லை. சத்தம் மட்டும் கேட்டேன், தூரத்தில் மோட்டார் ஓடுகிற மாதிரி. யாரோ "குளவி கலைஞ்சிருச்சு" என்று கத்தினார்கள்.

கதவுள்ள அறை ஒன்றுதான், ஆபீஸ். எல்லோரையும் அதற்குள் தள்ளினோம். குமார் சேர் சின்னப் பிள்ளைகளை இரண்டு கையிலும் தூக்கி உள்ளே போட்டார். பவித்ரா யன்னலைச் சாத்தி, இடுக்கெல்லாம் பழைய பரீட்சைத் தாளைத் திணித்தாள். கெட்டிக்காரி. நான் கதவைச் சாத்திப் பிடித்துக்கொண்டு பேர் கூப்பிட்டேன். தனுஷிகா பதில் சொல்லவில்லை.

யன்னல் கண்ணாடியில் பார்த்தோம். மண்டபத்தில் அவளுடைய மேசைக்குக் கீழே குந்தியிருந்தாள், தலைக்கு மேல் கையை வைத்துக்கொண்டு.

கொஞ்ச நேரம் நான் சும்மா நின்றேன். இதை இங்கே மட்டும் எழுதுகிறேன். டிலு ஞாபகம்தான் வந்தது. இதோ எல்லாம் முடிந்துவிட்டது, வீட்டுக்குப் போகப்போகிறேன், இப்போது எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்று. குமார் சேர் சுவரில் சாய்ந்து மூச்சுக்கு இழுத்துக்கொண்டிருந்தார். பவித்ரா என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். பிள்ளைகள் ஒருவரும் அழவில்லை. எங்கள் இரண்டு பேருடைய முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மூலையில் வெறும் அரிசிச் சாக்கு கிடந்தது. தலையில் போட்டுக்கொண்டு கதவைத் திறந்தேன்.

ஒரு வகுப்பறைத் தூரம்கூட இல்லை. போகும்போது ஒன்றும் தெரியவில்லை. பிள்ளை வரமாட்டேன் என்றாள், கரட்டை விட்டுவிட்டு வரமாட்டாளாம். கரட்டோடு சேர்த்துத் தூக்கினேன். சாக்கை அவள்மேல் போட்டுவிட்டேன். அதற்குப் பிறகுதான் தெரிந்தது. நெருப்பை அள்ளித் தலையில் கொட்டியது போல.

கதவை யார் திறந்தார்கள் என்று தெரியாது.

தோட்டத்து ஆட்கள் புகை போட்டுக்கொண்டு வரும்வரை உள்ளேயே இருந்தோம். எவ்வளவு நேரம் என்று நினைவில்லை. வியர்வையும் மூத்திர நாற்றமும், கோழி வேறு. பிறகு தோட்டத்து லொறி. வழி முழுக்க என் தலையைப் பவித்ரா மடியில் வைத்திருந்தாள். அழுதுகொண்டே வந்தாள். இங்கே வாசலில் நர்ஸ் என் முகத்தைப் பார்த்ததுமே "தெபருத?" என்று கேட்டார். சிங்களத்தில் குளவிக்கு அப்படித்தான். தலையை ஆட்டினேன். வாய் வீங்கித் திறக்க முடியவில்லை.

தனுஷிகாவுக்குக் காதில் இரண்டு கொட்டுத்தான். நேற்றே வீட்டுக்குப் போய்விட்டாள்.


ஏப்ரல் 11, வெள்ளி

கண் பாதி திறந்திருக்கிறது. சூப் குடித்தேன். வீட்டுக்குப் போகத் துண்டு வெட்டிவிட்டார்கள், பின்னேரம் டிலுவின் அப்பா வந்து கூட்டிப்போவார். போன் திருத்தும் கடையை மூடிவிட்டு வர வேண்டும்.

இன்று தவணை கடைசி நாள். குமார் சேர் போனில் சொன்ன செய்திகள்:
– அரை நாளோடு விட்டாயிற்று.
– தேர்ச்சி அறிக்கை எல்லோருக்கும் கொடுத்தாயிற்று.
– மிஞ்சிய காய்கறியை ஒரே சட்டியில் போட்டுச் சமைத்துச் சாப்பிட்டார்கள். கோழி தப்பிவிட்டது.
– கண்டாக்கு ஐயாவே ஆட்களைக் கூட்டிவந்து கூட்டைக் கொளுத்திவிட்டார். மேலே யாரையும் கேட்கவில்லையாம்.
– பவித்ரா இன்னும் கையெழுத்துப் போடவில்லை. புத்தாண்டு முடிந்து வருவாள் என்று நினைக்கிறாராம்.

கடைசி விஷயத்தை அவர் வேகமாகச் சொன்னார்.

ராணி வந்திருந்தாள். உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை, கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அன்றைக்கு மலையில் நின்றே புகையைப் பார்த்தாளாம், பள்ளிக்கூடம்தான் எரிகிறது என்று நினைத்து ஓடிவந்தாளாம். நான் மாற்றமாகிப் போவதாகக் குமார் சேர் சொல்லித்தான் தெரியுமாம். அதைச் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். வீங்கிய முகத்தில் ஒன்றும் தெரிந்திருக்காது.


ஏப்ரல் 12, சனி

வீடு. டிலு கிட்ட வரவில்லை. கதவுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்க்கிறாள். "அது அம்மா இல்ல" என்று தன் அத்தையிடம் சொன்னாளாம்.


ஏப்ரல் 13, ஞாயிறு

மழை. பலகாரம் சுடுகிற வாசம். என்னை எண்ணெய்ப் பக்கம் விடவில்லை.

பத்து மணிபோல் பவித்ராவின் போன். உடம்பு எப்படி, சாப்பிட முடிகிறதா என்று நிறைய நேரம் விசாரித்தாள். இடையில் நிறுத்திவிட்டுச் சொன்னாள்.

"அக்கா, நான் வலயத்துக்குப் போயி வேற ஸ்கூல் கேட்டுட்டேன். குடுக்கிறேன்னு சொல்லிட்டாங்க."

கூட்டைக் கொளுத்திவிட்டார்கள், இனிப் பயமில்லை என்றேன்.

"குளவிக்குப் பயந்து இல்லக்கா. அன்னைக்கு நீங்க கதவத் தொறந்தீங்கல்ல. நான் தொறந்திருக்க மாட்டேன். எனக்கு அது தெரியும், அந்தப் புள்ளைங்களுக்கும் தெரியும். எல்லாம் என்னையதான் பாத்துக்கிட்டு இருந்திச்சுங்க. அதுங்க முன்னாடி போயி நான் எப்படி நிக்கிறது?"

நானும் உடனே திறக்கவில்லை, போகாமல் இருந்துவிடலாமா என்று யோசித்துக்கொண்டுதான் நின்றேன் என்று சொன்னேன். இங்கே மட்டும் எழுதினேன் என்றேனே, அதை அவளிடமும் சொன்னேன். நம்பவில்லை. அவளைச் சமாதானப்படுத்தச் சொல்கிறேன் என்று நினைத்து, நீங்க ரொம்ப நல்லவங்கக்கா என்று அழுதாள்.

அதற்கு மேல் கெஞ்ச எனக்கு வாய் வரவில்லை. கெஞ்சியிருக்கலாம். அவளுக்கு இருபத்தாறு வயது. நானாக இருந்தாலும் வேறு பள்ளிதான் கேட்டிருப்பேன்.

அவரிடம் சொன்னேன். "அப்ப?" என்றார். தெரியவில்லை என்றேன்.


ஏப்ரல் 14, திங்கள்

புத்தாண்டு. பால் பொங்கியது. கோயிலுக்கு அவர்கள் மட்டும் போனார்கள்.

டிலு மத்தியானம் தானாகவே பக்கத்தில் வந்து, ஒரு விரலால் என் இமையைத் தொட்டாள். நோகுதா என்று கேட்டாள். இல்லை என்றேன். இன்னும் அழுத்தினாள். நோகுதா? இல்லை.


ஏப்ரல் 16, புதன்

ராணியும், பெற்றோர் சங்கத்திலிருந்து இரண்டு பேரும் வந்திருந்தார்கள். தனுஷிகாவும். விடியக்காலை புறப்பட்டு மூன்று பஸ் மாறி வந்திருக்கிறார்கள். ஒரு சாக்கு நிறைய லீக்ஸும் உருளைக்கிழங்கும், எண்ணெய் ஊறிய பேப்பரில் முறுக்கு. ராணி காதில் கம்மல் போட்டிருந்தாள். புதுச் சேலை.

முதலில் அவர்கள் நாற்காலியிலேயே உட்காரவில்லை. அவர் வற்புறுத்தியதும் நுனியில் உட்கார்ந்தார்கள். முகமெல்லாம் சந்தோஷம், எதையோ சொல்லத் துடித்துக்கொண்டிருந்தார்கள். சங்கத்து ஆள் ஒருவர் தொடங்கினார், ராணி குறுக்கிட்டுத் தானே சொன்னாள்.

"நாங்க முப்பது பேரு லொறி பிடிச்சி வலயத்துக்குப் போனோம் டீச்சர். ஒங்கள எடுக்கக் கூடாதுன்னு சொன்னோம். புள்ளைக்காக உசிரக் குடுக்கப் பாத்த டீச்சரு, அவுங்கள விடமாட்டோம்னு சொன்னோம். ஆபீசுப் பெரிய மாத்தியாவே எறங்கி வந்தாரு. சரின்னுட்டாரு."

நான் ஏதாவது சொல்வேன் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நீங்க எங்கயும் போக வேணாம் டீச்சர். நாங்க இருக்கோம்."

சந்தோஷம் என்றேன். ராணி என் கையைப் பிடித்துக்கொண்டாள். உள்ளங்கை சொரசொரவென்று, வெடிப்பில் கறுப்பேறி. அந்தக் கையை உதற முடியாது. கோபப்படக்கூட ஒன்றும் இல்லை. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று நினைத்தேன். நான் அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல்தான் மூட்டை கட்டினேன்.

அவர் உள்ளே போய்த் தானே டீ ஊற்றிக்கொண்டு வந்து வைத்தார். பிறகு கடையில் வேலையிருக்கிறது என்று போய்விட்டார். இன்று கடை பூட்டு.

தனுஷிகா வந்ததிலிருந்து என் சேலைத் தலைப்பை விடவில்லை. டிலு அறை வாசலில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.


ஏப்ரல் 17, வியாழன்

வலயத்துக்குப் போன். நல்ல மனிதர்தான் பேசினார். பெற்றோரே திரண்டு வந்து கேட்கும்போது நாங்கள் என்ன செய்வது மிஸ், இது உங்களுக்குப் பெருமையல்லவா என்றார். எனக்குச் சின்னப் பிள்ளை இருக்கிறாள் என்றேன். தெரியும் மிஸ் என்றார். பாராட்டுச் சான்றிதழ் ஒன்றுக்குச் சிபாரிசு செய்திருக்கிறாராம். மாற்றத்தை இரண்டாம் தவணை முடிந்ததும் பார்க்கலாம், பதிலாள் கிடைத்தால்.

அந்தப் பள்ளிக்கு இனி யார் வருவார்கள்?

வாங்க வேண்டியவை: வெண்கட்டி, டோர்ச் பட்டரி, தலைக்கு எண்ணெய். கொட்டின இடத்தில் முடி உதிர்கிறது.


ஏப்ரல் 20, ஞாயிறு

விடாத மழை. உடுப்பெல்லாம் அடுப்புக்கு மேல் காய்கிறது, புகை வாசம்.

நாளை இரண்டாம் தவணை. குமார் சேர் போன் எடுத்து, மேல் மலைப் பக்கத்தில் இன்னொரு மரத்தில் கூடு கட்டத் தொடங்கியிருக்கிறது, சின்னதுதான் என்றார். நான் வருவது உறுதிதானே என்று இரண்டு தரம் கேட்டார். உறுதி என்றேன். அவர் மூச்சு விடுவது கேட்டது.

சாப்பாட்டுக்குப் பிறகு என் வீட்டுக்காரரிடம் சொன்னேன், டிலுவை என்னோடு கூட்டிப்போகிறேன் என்று. குவாட்டர்ஸ் அறை இரண்டு பேருக்குப் போதும். தோட்டத்திலேயே பாலர் வகுப்பு இருக்கிறது. அடுத்த வருடம் ஆண்டு 1 என்னிடமே படிக்கட்டும்.

அவர் யாருடையதோ போனைக் கழற்றிக்கொண்டிருந்தார். வேண்டாம் என்றார். ஏன் என்றேன். அதற்குப் பிறகுதான் நிமிர்ந்தார்.

"அந்த எடத்துக்கா? தெரிஞ்சே யாராச்சும் புள்ளைய அங்க வைப்பாங்களா?"

"நாப்பது பேரு வச்சிருக்காங்க."

அவர் கையிலிருந்ததை வைத்துவிட்டு முற்றத்தில் போய் நின்றார், மழைச் சாரலில்.

நானும் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. கேட்கும்போதே எனக்குத் தெரியும், அவர் சரியென்று சொல்லியிருந்தாலும் நான் அவளைக் கூட்டிப்போயிருக்க மாட்டேன்.

முதல் பஸ்ஸுக்குப் போக வேண்டும். டிலு என் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாள். எழுப்பாமல் எழும்ப வேண்டும்.